சப்பான் மரத்துக்கு இலை

கேன்டீன் சுவர் முப்பதடி நீளம். அதற்குப் பட்டி பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடித்து முடித்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி சிட்டிபாபு வந்து செல்போனை நீட்டினார்.

"இந்தச் செவுத்துல இதான் வரணும்."

நானும் படம் வரைகிற கோவர்த்தனனும் ஆளுக்கொரு பக்கம் தலையை நீட்டினோம். ஓர் ஆறு. அதன்மேல் வளைந்த மரப்பாலம். கரை நெடுக மரங்கள். மரமெல்லாம் பூ. வெள்ளை என்றும் சொல்ல முடியாது, ரோஸ் என்றும் சொல்ல முடியாது. பாலில் ஒரு சொட்டு பீட்ரூட் சாறு விழுந்த மாதிரி. மரத்தடியில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மேஸ்திரி, சினிமா செட்டா?" என்றான் கோவர்த்தனன்.

"சக்குரான்னு சப்பான் மரம்டா. கம்பெனியோட பெரியவரு அங்கேர்ந்து வர்றாரு. அங்க இப்போ இந்தப் பூ டைமாம். வருசத்துக்கு பத்து நாளுதானாம், அப்புறம் கொட்டிடுமாம். ஊரே வேலைய வுட்டுட்டு மரத்தடில போயி குந்திக்குமாம். அத்த வுட்டுட்டு இந்த வெயில்ல வந்து காயப் போறாரேன்னு, இங்க செவுத்துல பூக்க வைக்கச் சொல்றாங்கோ."

"நாயுடுபேட்ட சந்தைல பிளாஸ்டிக் பூ கொத்துக் கொத்தா விக்கிறான். வாங்கி மாட்டிட்டா முடிஞ்சிச்சி."

"மாட்டிடலாம். அப்போ உன்னிய எதுல மாட்டறது?"

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இலை எங்க மேஸ்திரி?"

"இன்னா இலை?"

"மரத்துக்கு ஒரு இலைகூட இல்லியே."

"மொதல்ல பூவாம், அப்புறம்தான் இலையாம். நம்மளுக்கு இன்னா? படத்துல கீறத அடிச்சிக் குடுத்துட்டுப் போய்க்கினே இருக்கணும்." செல்போனைச் சட்டைப்பையில் போட்டவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் பொண்ணும் சப்பான் கிளாசுக்குப் போவுதாமே ரத்னம்மா? மேடம் சொன்னாங்கோ. பெரியவரு ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசிப் பார்த்து அஞ்சு பேர சப்பான் வேலைக்கு எடுப்பாராம். எடுத்தவங்கள இந்தச் செவுத்துக்கு முன்னாடி நிக்க வச்சி போட்டோ. உன் பொண்ணு பின்னாடி நீ அடிச்ச மரம்! இன்னா கொடுப்பினை, பாரு!"

நானும் சிரித்தேன். கை கழுவின தண்ணீர் முழங்கையிலிருந்து புடவையில் சொட்டிக்கொண்டிருந்ததை வெகுநேரம் துடைக்கவில்லை.

எங்கள் ஊர் சத்தியவேட்டுக்குக் கிழக்கே. இந்தக் கம்பெனி நிற்கிற இடத்தில் நான் வேர்க்கடலைக்குக் களை எடுத்திருக்கிறேன், அடுத்தவர் நிலத்தில். நிலம் இருந்தவர்களுக்கு நஷ்டஈடு வந்தது. களை எடுத்தவர்களுக்குக் களை போனதுதான். பிறகு காம்பவுண்டுச் சுவர்கள் எழுந்தன. சுவர் என்றால் பெயிண்ட். அப்படி நான் சிட்டிபாபுவிடம் வந்து சேர்ந்தேன்.

எனக்கு எழுத்து வந்ததும் சுவரில்தான். தடாவிலிருந்து நாயுடுபேட்டை வரைக்கும் ரோட்டோரச் சுவர்களில் சிமெண்டு விளம்பரம் எழுதுவோம். கோவர்த்தனன் சாக்பீஸால் எழுத்தின் ஓரத்தை மட்டும் போட்டுவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விடுவான். உள்ளே நிரப்புவது என் வேலை. ஒரே எழுத்தின் வயிற்றை மாதக்கணக்கில் நிரப்பிக்கொண்டிருந்தால் அது யார் என்று கேட்கத் தோன்றாமல் இருக்குமா? கேட்டுக் கேட்டுத் தெலுங்கு எழுத்து வந்தது. அப்புறம் என் மகள் யமுனாவின் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ். முப்பத்தைந்து வயதுக்கு மேல் வந்த எழுத்து. இன்றைக்கும் ஓரம் போட்டு உள்ளே நிரப்புகிற மாதிரிதான் எழுதுகிறேன். இவ்வளவு வருஷத்தில் கோவர்த்தனன் போட்ட கோட்டை நான் தாண்டியதில்லை.

யமுனா அதே கம்பெனியில் லைனில் நிற்கிறாள். காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகச் சுற்றுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சப்பான் பாஷை. ஐந்து பேரில் ஒருத்தியாகிவிட்டால் அங்கே மூன்று வருஷம் வேலை. ஒரு வருஷமாக அவளுக்கு வேறு பேச்சில்லை. பீரோக் கண்ணாடி முன்னால் நின்று இடுப்பை வளைத்துக் கும்பிடாமல் கும்பிட்டு, தன் பெயரைச் சொல்லி, மறுபடி வளைவாள். "எத்தினி தபாடி குனிவே, எதனா உழுந்துச்சா?" என்று கேட்டால் அதற்கும் ஒருமுறை குனிவாள்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும்.

அவளுடைய நைனா முனியப்பன் குவைத்துக்கு வண்டி ஓட்டப் போனபோது அவளுக்கு நாலு வயது. எங்கள் பக்கத்தில் குவைத்துக்குப் போகிறவர்கள் திருப்பதி மலையேறி மொட்டை போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறுவார்கள். நாங்கள் மூன்று பேரும் போனோம். கீழே இறங்கி அலிபிரிக்குப் பக்கம் வரும்போது, கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவன் மடக்கிக்கொண்டான். பக்கத்தில் ஓர் இலவ மரம். மாசி மாதம். மரத்தில் ஓர் இலை கிடையாது. கைப்பிடி கைப்பிடியாகச் சிவப்புப் பூ மட்டும். தரையிலும் சிவப்பு. "இதுக்குக் கீழ நில்லுங்க சார், சூப்பரா இருக்கும்," என்று சொல்லி, என்னையும் குழந்தையையும் தள்ளி நிற்க வைத்துவிட்டு, அவரை மட்டும் தனியாக எடுத்தான். படம் நன்றாகத்தான் வந்தது.

மூன்றாவது வருஷம் அவர் மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் பெட்டியில் வந்தார். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். மாலை போட வேறு படம் இல்லாமல் அந்தப் படத்தையே பெரிதாக்கி வைத்தோம். என் நாத்தனார் பொன்னியம்மா அதைப் பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்: "மொட்டத் தலையோட மொட்ட மரத்தடில நிக்க வச்சி என் தம்பிய அனுப்பினியேடி! இலை இல்லாத மரத்தடிலேர்ந்து போனவன் எப்டிடி திரும்பி வருவான்?"

அழுகையில் சொன்னது. சொன்னவள் மறந்துவிட்டாள். போன பொங்கலுக்குக்கூட வந்து வடை தின்றுவிட்டுப் போனாள். நான் மறக்கவில்லை.

வேலை ஆரம்பமானது. கம்பெனியில் ஆள் எடுக்கிற பிரிவைப் பார்க்கும் சந்தியா மேடம், திருப்பதிக்காரம்மா, ஒரு பழைய சப்பான் காலண்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். செல்போனில் பார்த்தது நிஜ மரம். காலண்டரில் இருந்தவை பழைய காலத்துச் சித்திரங்கள். மாதத்துக்கு ஒன்று. ஒன்றில் மழை, கோடு கோடாக. குடை பிடித்த பெண்கள் பூமரத்தடியில் ஓடுகிறார்கள். ஒன்றில் தூரத்தில் மலை, இந்தப் பக்கம் ஒரே ஒரு கிளை குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது; மீதித் தாள் சும்மா கிடக்கிறது.

"காலியாவே வுட்டுக்கிறான் பாருக்கா," என்றான் கோவர்த்தனன். "பாதிக்கு மேல ஒண்ணுமே அடிக்கல. இத்தையும் படம்னு காசு குடுத்து வாங்கிக்கிறானுங்க."

"பெயிண்டு தீந்துட்டிருக்கும்."

ஆனால் அவனுக்கு அந்தப் படங்கள் பிடித்துவிட்டன. பூவை ஒவ்வொன்றாக வரையாமல், மேகம் மாதிரி திட்டுத் திட்டாக விட்டு, ஓரத்தில் மட்டும் இதழ் தெரிகிற மாதிரி செய்தான். ஒரு பூவுக்கு ஐந்து இதழ். ஒவ்வோர் இதழின் நுனியிலும் எலி கடித்த மாதிரி சின்ன வெட்டு. அந்த வெட்டு இல்லாவிட்டால் அது வேறு பூவாகிவிடும் என்று மேடம் சொல்லியிருந்தார். அவன் ஓரம் போட, நான் பஞ்சால் ஒற்றி ஒற்றி நிரப்பினேன். ஆறு வந்தது, பாலம் வந்தது. நடுவில் கறுத்த அடிமரம், கிளை பரப்பிக்கொண்டு, கேன்டீன் வாசலைப் பார்த்து நின்றது.

நிரப்ப நிரப்ப எனக்கு உள்ளே ஒன்று ஏறிக்கொண்டே வந்தது. கிளைக்குக் கிளை பூ. ஓர் இலை இல்லை. கீழே தரையில் கொட்டிக் கிடக்கிற இதழையும் கோவர்த்தனன் விடவில்லை. இதற்கு முன்னால் என் மகளை நிற்க வைப்பார்கள். நிற்க வைத்துப் படம் எடுத்து, விமானம் ஏற்றுவார்கள்.

"கோவர்த்தனா, ஒரு நாலு இலை போட்டா இன்னாடா?"

"எதுக்கு, துன்றதுக்கா?"

"வெளையாடாத. வாசலப் பார்த்து மொட்ட மரம் நிக்கிது. நல்லதில்ல."

"மொட்ட மரமா? கண்ண தொறந்து பாருக்கா, பூவு தாங்காம கெள ஒடியப் போவுது."

"இலைய சொல்றேன்டா."

"யக்கா, நீ காலண்டர்காரன்கிட்ட போயி சண்ட போடு. எனுக்கு இதுல கீறதுதான்."

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் சிரித்திருக்க மாட்டான், பாவப்பட்டிருப்பான். அது எனக்கு வேண்டாமாக இருந்தது.

பெரியவர் வருகிற நாள் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் கேன்டீனுக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் வெள்ளை போதாமல் போய், கோவர்த்தனன் சூளூர்பேட்டைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். சிட்டிபாபு கேட்டில் நின்று யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். நான் சுவரோடு தனியாக இருந்தேன்.

காலடியில் ஒரு டப்பா பச்சை எனாமல், கேட்டுக்கு அடித்து மிஞ்சியது. சின்ன பிரஷ் ஒன்று கையில் இருந்தது.

வலதுபக்கக் கிளையில், பூக்கூட்டத்துக்கு நடுவில், ஓர் இலை வைத்தேன். ஒன்று போதும் என்றுதான் நினைத்தேன். ஒற்றை இலை சுவரில் பல்லி மாதிரி தெரிந்தது. துணைக்கு இன்னொன்று வைத்தேன். பிறகு அடுத்த கிளை சும்மா இருந்தது. கோடு போடத் தெரியாத கை. மா இலை மாதிரி நீளமாக வந்தது. பிரஷை அழுத்தி, இழுத்து, நுனியில் தூக்கினால் ஓர் இலை. இவ்வளவு சுலபமா என்றிருந்தது. யமுனா எந்தப் பக்கம் நிற்பாள் என்று தெரியாதே, அதனால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் வைத்தேன். வைத்து முடித்ததும் சாரத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் முழு மூச்சு வந்தது.

டீ டைமுக்கு யமுனா வந்தாள். சுவரைப் பார்த்தாள். டம்ளரை மேசையில் வைத்தாள்.

"மா. இது இன்னா?"

"இலை."

"இலைன்னு தெரிது. யாரு வச்சது?"

"ஏன், நல்லா இல்லியா?"

"அய்யோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் லைன் பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, ஆனால் சீறினாள். "இந்த மரத்துல இலை வந்துச்சின்னா பூ முடிஞ்சி போச்சின்னு அர்த்தம்மா. எல்லாம் முடிஞ்சிச்சி, வூட்டுக்குப் போன்னு அர்த்தம்! அங்க புதுசா வேலைக்குச் சேர்றவங்க பூ டைம்லதான் சேருவாங்கோ. ஆரம்பம்னா பூ. சார் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாரு. மொதல் மொதல்ல அந்தப் பெரியவரு உள்ள நொழையறப்பவே முடிஞ்சிப்போன மரத்த காட்டினா? அதுவும் என் அம்மா வச்ச இலை! அம்மாவே பொண்ண போவாதேன்னு சொல்ற மாரி கீதே!"

"நான் அப்டி நெனச்சி வைக்கல."

"அப்போ இன்னா நெனச்சி வச்ச?"

"உங்க நைனா போட்டோ..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. அவள் தினமும் விளக்கேற்றுகிற படம்தான். அந்த மரம் அவளுக்கும் மனப்பாடம். முகத்திலிருந்த கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது அதைவிட மோசமாக இருந்தது. பயம். என்னுடையதை அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

"அழிச்சிடு மா," என்றாள் மெதுவாக. "நேரம் கீது. அழிச்சிடு."

ரோஸ் எமல்ஷனை எடுத்து ஓர் இலைமேல் அடித்தேன். நிற்கவில்லை. எண்ணெய்ப் பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது அதன்மேல் தண்ணீர்ப் பெயிண்ட் எப்படி நிற்கும்? வழுக்கி, திரண்டு, பச்சையையும் இழுத்துக்கொண்டு கீழே வழிந்தது. பூ இருந்த இடத்தில் சீழ் மாதிரி ஒரு நிறம். துணியால் துடைத்தேன். இன்னும் பரவியது. பதினாறு வருஷமாகப் பெயிண்ட் டப்பா தூக்குகிறவள் இதை மறந்து எனாமலை எடுத்தேன் பாருங்கள்.

அதற்குள் சிட்டிபாபு வந்துவிட்டார். "அடிப்பாவி!" என்றார். திரும்பி வந்த கோவர்த்தனன் வெள்ளை டப்பாவைக் கையில் பிடித்தபடி சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "யக்கா, காலண்டர்காரன்கிட்ட போயி சண்ட போடுன்னுதான சொன்னேன்," என்றான். திட்டவில்லை. தாளைச் சுருட்டி, நான் கெடுத்த அந்த ஓர் இடத்தை மட்டும் ஒற்றி எடுத்து, அங்கே அடிமரத்தின் கறுப்பை இழுத்துவிட்டு ஒரு முண்டு போல ஆக்கினான். மற்ற இலைகளைத் தொட்டால் இன்னும் கெடும் என்று விட்டுவிட்டான்.

சந்தியா மேடம் ஓடி வந்தார். "ஐயோ, ஆக்குலு எந்துக்கம்மா? இலை எதுக்கு? யார் வச்சது?"

மேடம் வாட்சைப் பார்த்தார். "டேபிள் போடுங்க, முன்னாடி பூந்தொட்டி வைங்க. நீங்க எல்லாரும் உள்ள போங்க. ஒருத்தர் கண்ல படக் கூடாது."

பூந்தொட்டி இடுப்பு உயரம். இலைகள் தலைக்கு மேலே.

நான் தட்டு கழுவுகிற அறைக்குள் போனேன். எச்சில் தட்டைத் தள்ளுகிற சின்ன ஜன்னல் ஒன்று கேன்டீனைப் பார்த்து இருக்கும். அதன் வழியாகப் பார்த்தேன்.

பெரியவர் நான் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லியாக, குள்ளமாக, எங்கள் போஸ்ட்மாஸ்டர் மாதிரி இருந்தார். வெள்ளைச் சட்டை. உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அவர் பூந்தொட்டிகளுக்கு நடுவில் வழி செய்துகொண்டு சுவரண்டை போனார். கையைத் தூக்கி ஓர் இலையைத் தொட்டார்.

தொட்டுவிட்டு விரலைப் பார்த்தார். விரல் நுனி பச்சை.

சிட்டிபாபு எனக்குப் பின்னாலிருந்து, "போச்சு," என்றார்.

மேடம் கை துடைக்கிற காகிதத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை. ஏதோ கேட்டார். மேடம் சுற்றும் முற்றும் பார்த்தார். வரிசையில் நின்றிருந்த பெண்களில் யமுனா ஓர் அடி முன்னால் வந்து, கண்ணாடி முன்னால் குனிந்த அதே மாதிரி குனிந்தாள். பேச ஆரம்பித்தாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவள் கை மட்டும் புரிந்தது. கை என் ஜன்னலைக் காட்டியது. எல்லாரும் திரும்பினார்கள். நான் அப்படியே தட்டு கழுவுகிற தொட்டிக்குப் பின்னால் குந்திவிட்டேன். சாம்பார்த் தண்ணீர் புடவையில் நனைந்தது. மறுபடி எழுந்து பார்த்தபோது யமுனா இரண்டு கையாலும் காற்றில் நீளமாக எதையோ அளந்து காட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் தலையை ஆட்டினார். ஏதோ சொன்னார், மிகச் சின்னதாக. பிறகு போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். அந்தப் பச்சை விரலை மட்டும் மடக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

சாயந்திரம் ஷிப்டு பஸ்ஸில் யமுனா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி கேட்டாரு?"

"இலை யாரு வச்சதுன்னு கேட்டாரு. எங்க அம்மான்னு சொன்னேன். ஏன்னு கேட்டாரு."

"தெரியாம வச்சிட்டாங்கன்னு சொல்ல வேண்டிதான?"

"அப்டித்தான் சொல்லணும்னு நெனச்சேன். வாய்ல நைனா கததான் வந்துச்சி. பெட்டிக்கு சப்பான்ல இன்னா சொல்றதுன்னு தெர்ல. கையால காட்டினேன்."

"அதுக்கு அவுரு?"

"'ஸோ தெஸ் கா'ன்னாரு."

"அப்டின்னா?"

"அப்டியான்னு அர்த்தம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பஸ் ஊர் வருகிற வரைக்கும் அந்த 'அப்படியா'வை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாவப்பட்ட அப்படியாவா, இவளெல்லாம் எதற்கு என்கிற அப்படியாவா? பெட்டிக்கு வார்த்தை தெரியாத பெண்ணை யாராவது எடுப்பார்களா? அதோடு, இறங்கும்போது சிட்டிபாபு வேறு போனில் சொன்னார்: "இலைய தொடக் கூடாதுன்னு பெரியவரு சொல்லிட்டாராம். நாளைக்கு யாரும் செவுத்தாண்ட போவாதீங்கோ." ஏன் தொடக்கூடாது? கோபமாக இருந்தாலும் தொடாதே என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு யமுனா சாப்பிடவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கவுமில்லை.

மறுநாள் பெயர் படித்தார்கள். நான் ஜன்னலிலேயே நின்றேன். முதல் பெயர் குப்பம் ஊர்ப் பெண். இரண்டாவது, மூன்றாவது யார் யாரோ. நாலாவதாக நெல்லூர்ப் பெண். ஐந்தாவதைப் படிப்பதற்கு முன்னால் மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர் குடித்தார். அந்தத் தண்ணீரை நான் இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன்.

"யமுனா."

சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் நான் முதலில் பார்த்தது சுவரைத்தான். இலை இருந்தது.

போட்டோவுக்கு ஐவரையும் நிற்க வைத்தார்கள். போட்டோக்காரன் யமுனாவைப் பூ அடர்த்தியாக இருந்த நடு இடத்துக்கு இழுத்தான். அவள் நகர்ந்து வலதுபக்கக் கிளைக்குக் கீழே போய் நின்றாள். நான் முதலில் வைத்த பல்லி இலை அவள் உச்சந்தலைக்கு நேர்மேலே இருந்தது. பெரியவர் அதைப் பார்த்து அவளிடம் ஏதோ சொன்னார். இவள் சிரித்தாள். பிறகுதான் எனக்குச் சொன்னாள்: "நாங்க போறப்போ சித்திர முடியப் போவுது இல்ல, அப்போ அங்க பூவெல்லாம் கொட்டிப் போயி மரம் இப்டித்தான் நிக்குமாம். 'உங்கம்மா வரைஞ்ச மரத்துக்குத்தான் நீ வரப் போற'ன்னாரு."

அதற்காகத்தான் அவளை எடுத்தார் என்று நான் நினைக்கவில்லை. அவள் ஒரு வருஷம் குனிந்து படித்தவள். எனக்குத் தேவையாக இருந்தது அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டுதான் அவளை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன். அந்தக் கதவையே நான் அதற்கு முன்னால் ஒருமுறை, அவளுடைய நைனாவை அனுப்பியபோது, பார்த்திருக்கிறேன்.

போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் காட்டினாள். ஹாஸ்டலுக்கு வெளியே நிஜமாகவே அந்த மரம், பச்சைப் பசேலென்று. எனக்குத் தூக்கம் வந்தது.

கார்த்திகை வரைக்கும் வந்தது. அப்புறம் ஒருநாள், "மா, இங்க பாரேன், இலையெல்லாம் செவந்து போச்சி!" என்று ஏதோ அதிசயத்தைக் காட்டுகிற மாதிரி காட்டினாள். மார்கழியில் குச்சி குச்சியாக நின்றது. இது எனக்குத் தோன்றவேயில்லை. வந்த இலை போகும், போன பிறகு மறுபடி மொட்டை மரத்தில் பூ வரும், அவள் அதற்குக் கீழே போய் நிற்பாள். மூன்று வருஷமும் இப்படித்தான். மூன்றாவது வருஷத்தில்தான் அவளுடைய நைனா பெட்டியில் வந்தார்.

மழைக்குக் கேன்டீன் சுவர் பூஞ்சை பிடித்திருந்தது. சரிசெய்ய சிட்டிபாபு எங்களைத்தான் அனுப்பினார். இந்த முறை தண்ணீர்ப் பச்சை வாங்கி வைத்திருந்தேன்.

"யக்கா, இது சக்குராவா மாமரமா?" என்றான் கோவர்த்தனன்.

"நீ பாலத்த பாரு."

பங்குனி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யமுனாவின் வீடியோ வந்தது. பின்னால் அந்த நிறம், பாலில் விழுந்த பீட்ரூட். சுற்றிலும் பாய் விரித்த கூட்டம்.

"மா! எல்லாரும் வந்துக்கினு கீறோம். பாரேன், எப்டி கீது!"

"கெளய கிட்டக் காட்டு."

"மா..."

"காட்டுடி."

காட்டினாள். ஓர் இலை இல்லை. நான் திரையில் கிளை கிளையாகத் தேடினேன். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். போன் கீழே இறங்கியது, அவள் மடி தெரிந்தது, ஒரு சின்ன டப்பா தெரிந்தது. அதிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு கொழுக்கட்டையை எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்தாள். கொழுக்கட்டையைச் சுற்றி ஈரமாக, பழுப்புப் பச்சையில் ஓர் இலை.

"இது இன்னா தெரியுமா? சக்குரா இலைமா. முன்னாடி வருசத்து இலைய உப்புல போட்டு வச்சிக்கினு, பூ டைம்ல இதுல சுத்தி விக்கிறாங்கோ. இலையோடவே துன்னணும். உனுக்குக் காட்டணும்னுதான் வாங்கினேன்."

"நெஜமாவே அந்த மரத்து இலையா?"

"நெஜமா."

பின்னாலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் மரத்தடியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். போட்டோ.

"மா, நான் போய்ட்டு வந்துடறேன்."

"இருடி. டப்பால ஒண்ணு கொறையிற மாரி கீதே. துன்னுட்டியா?"

"ஒண்ணு துன்னேன். நல்லா இருந்துச்சிமா, உப்பா, இனிப்பா..."

"மீதிய துன்னாத. கைல புடிச்சிக்கினு போயி நில்லு. போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் வாயில வைக்காத, சொல்லிட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். போனை யாரோ வாங்கிப் பிடித்தார்கள். படம் ஆடியது, நின்றது. அத்தனை பூவுக்குக் கீழே, அத்தனை பேருக்கு நடுவில், என் பெண் மட்டும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கொழுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கு," என்றேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.